பழைய சாகசச் சித்திரக்கதைகள்: எதை வாங்குவது, எதை விடுவது?

முன்னுரை

புத்தகம் வாங்குவது பணம் உள்ளவர்களுக்கு ஆசை. பணம் குறைந்தவர்களுக்குக் கணக்கு. பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்தாம். கல்விக் கடனில் பாதி விடுதிக்கும் உணவுக்கும் போய்விடும். மீதத்தில் ஒரு நூல் வாங்குவதென்றால் பத்து முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்படி யோசிப்பவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் பழைய தமிழ்ச் சாகசச் சித்திரக்கதைகள். நம் பெற்றோர் தலைமுறை இவற்றைக் 'காமிக்ஸ்' என்றே அழைத்தது. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ் டேவிட், ஜானி நீரோ, டெக்ஸ் வில்லர் ஆகிய பெயர்களைக் கேட்டவுடன் ஐம்பது வயதைக் கடந்த மாமாக்கள் முகம் மலர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றின் பழைய இதழ்களும் கிடைக்கின்றன, மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. விலையோ ஏணி வைத்தாற்போல் மேலும் கீழுமாக இருக்கிறது. எந்த அடிப்படையில் தேர்ந்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் பொது மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். வருபவர்கள் 11 பேர். அனைவரும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்கள். இப்போது தேசிய இடைநிலைப்பள்ளியில் பயில்கிறார்கள். நானும் அதே வழியில் வந்தவள்தான். தேசிய இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடக்கக் குறைந்தது 15 மாணவர்களாவது வேண்டும் என்பது நாம் அறிந்த விதி. எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையேல் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கும் துணிவும் இல்லை. பாடநூலைத் தவிர வேறு தமிழ் எழுத்தைப் பார்க்காத பிள்ளை, முதல் வாய்ப்பிலேயே தமிழை விட்டுவிடுகிறது. ஆகவே, அவர்கள் விரும்பிப் படிக்க ஓர் அலமாரி அமைக்க முடிவு செய்தோம். ஆளுக்கு 50 ரிங்கிட் போட்டு 300 ரிங்கிட் சேர்த்தோம். வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

1. என்னென்ன இருக்கின்றன?

வாங்குமுன் களத்தை அறிய வேண்டும். தமிழில் வந்த சாகசச் சித்திரக்கதைகளைக் கீழ்க்காணுமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, முத்து காமிக்ஸ். சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய இவ்வெளியீடு 1972ஆம் ஆண்டு ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு பிறந்தது. மாயாவி தமிழ்நாட்டுக்காரர் அல்லர். இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் தோன்றியவர். ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் விபத்தில் வலக்கையை இழக்கிறார். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். இந்த ஒற்றைக் கற்பனைதான் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது.

இரண்டாவது, லயன் காமிக்ஸ். இதுவும் சிவகாசியிலிருந்தே, 1984 ஜூலையில், சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ஆசிரியராக இருந்து தொடங்கியது. அப்போது அவர் பதின்ம வயதினர். முதல் இதழில் வந்தவர் மாடஸ்தி பிளைசி என்னும் பெண் சாகசக்காரி. ஸ்பைடர், டெக்ஸ் வில்லர், லக்கி லூக் ஆகியோர் இதன் வழியே தமிழ் பேசினார்கள். இடையில் இதழ்கள் சுணங்கிப்போய், 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற சிறப்பிதழோடு மீண்டும் எழுந்தன. வழுவழுப்பான தாளில் முழு வண்ணப் பதிப்புகள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மூன்றாவது, தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். 1984 முதல் 2005 வரை வெளிவந்தது. ஜேம்ஸ் பாண்டும் முகமூடி வீரர் மாயாவியும் இதன் தூண்கள்.

நான்காவது, இந்தியாவிலேயே தோன்றிய கதைகள். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா முழுச் சித்திரக்கதை இதழ் அன்று. எனினும் ஒவ்வொரு பக்கத்திலும் படம் உண்டு, விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் உண்டு. ஆனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதைகளின் தமிழ் வடிவங்களும், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரும் இவ்வகையில் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முத்து காமிக்ஸின் 'மாயாவி' வேறு, ராணி காமிக்ஸின் 'மாயாவி' வேறு. முன்னவர் இரும்புக்கையர். பின்னவர் லீ ஃபாக் 1936இல் படைத்த 'ஃபேண்டம்'. அவரையே முத்து காமிக்ஸ் 'வேதாளர்' என்று அழைத்தது. அட்டையைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டுப் பணம் அனுப்பினால், எதிர்பார்த்தவருக்குப் பதில் வேறொருவர் வந்து நிற்பார்.

2. முதல் கேள்வி: எதற்காக வாங்குகிறோம்?

பழைய புத்தகம் வாங்குவோர் மூன்று நோக்கங்களோடு வருகிறார்கள். சேர்த்து வைக்க வாங்குபவர் ஒரு வகை. தாம் சிறு வயதில் படித்ததை மீண்டும் தொட்டுப் பார்க்க வாங்குபவர் இன்னொரு வகை. படிக்க, அல்லது பிறரைப் படிக்க வைக்க வாங்குபவர் மூன்றாம் வகை. இந்த மூவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. இதை முதலிலேயே முடிவு செய்யாதவர் மற்றவருடைய நோக்கத்திற்குத் தம் பணத்தைச் செலவழிப்பார்.

பட்டர்வொர்த்தில் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். 1970களின் முத்து காமிக்ஸ் இதழ் ஒன்றை நெகிழி உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். விலை 180 ரிங்கிட் என்றார். அதே கதையின் மறுபதிப்பு, அஞ்சல் செலவில் பங்கு சேர்த்தாலும், ஏறக்குறைய 12 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறதே என்று தயங்கியபடி கேட்டேன்.

"மறுபதிப்புல கதைதான்மா இருக்கும். இதுல அந்தக் காலமே இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பழைய இதழில் வாசகர் கடிதம் இருக்கும். அடுத்த இதழுக்கான விளம்பரம் இருக்கும். முன்பு வைத்திருந்தவரின் பெயர் மூலையில் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். இவை எதுவும் மறுபதிப்பில் வராது. தமிழ் அச்சு வரலாற்றை ஆய்வு செய்பவருக்கு அந்த 180 ரிங்கிட் நியாயமான விலையாகக்கூட இருக்கலாம். என் நோக்கமோ 11 பிள்ளைகள். அந்த ஓர் இதழின் விலைக்கு 15 மறுபதிப்புகள் வரும். அதுவும் பிள்ளைகள் தொட்டால் நொறுங்கும் தாளை அவர்கள் கையில் கொடுக்க முடியாது. எனவே அதை வாங்கவில்லை.

3. அரிதானது வேறு, நல்லது வேறு

விலை அதிகமாக இருந்தால் கதையும் சிறந்ததாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் விலையை ஏற்றுவது கதையின் தரத்தைவிட, எஞ்சியிருக்கும் படிகளின் எண்ணிக்கைதான்.

இதற்கு உலக உதாரணம் ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு தோன்றியது. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். அதற்கென்று தனித்தனி சாகசப் புத்தகங்கள் அச்சாயின. பழைய சாகசங்களுள் எதை வாங்குவது என்பது அந்த விளையாட்டுக்காரர்களிடையேயும் தீராத விவாதம். அவற்றுள் ஒன்று கேரி கைகாக்ஸ் எழுதி 1979இல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. தொடக்கநிலை விளையாட்டுப் பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்டதால் மிகப் பெரும் எண்ணிக்கையில் அச்சானது. ஆகவே பழைய படி இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதே சமயம், உலகில் மிக அதிகம் பேர் விளையாடிய சாகசங்களுள் அதுவும் ஒன்று. எளிதில் கிடைப்பதே பலர் கைபட்டுத் தேர்ந்ததாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

நம் காமிக்ஸிலும் இதே நிலைதான். மீண்டும் மீண்டும் மறுபதிப்பு கண்ட மாயாவி கதைகள் வாசகர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியவை. ஒரே முறை வந்து மறைந்த இதழ் அரிதாக இருப்பதற்கு, யாரும் அதை மறுபடி கேட்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

4. எழுத்து வடிவம்: பலர் கவனிக்காத தடை

தேர்வுக்கு முன் சிறு சோதனை ஒன்று செய்தோம். அப்பா பாதுகாத்து வைத்திருந்த பழைய இதழ், நண்பரிடம் இரவல் வாங்கிய மறுபதிப்பு, ராணி காமிக்ஸ் ஒன்று ஆகிய மூன்றையும் பிள்ளைகளிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். பழைய இதழை எடுத்த மாணவி இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "அக்கா, இது என்ன எழுத்து?" என்று விரலை வைத்துக் காட்டினாள். அது 'லை'. துதிக்கை போல் மேலே சுழிந்த பழைய வடிவம்.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவமும், ணா, றா, னா முதலியவற்றின் கூட்டு வடிவமும் அப்போதுதான் மாறின. பின்னர் மலேசியாவும் புதிய வடிவத்தை ஏற்றது. ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகங்களும் மாறிவிடவில்லை. ஆகவே 1970களின் இதழ்களிலும், 1980களின் சில இதழ்களிலும் பழைய எழுத்தே இருக்கும். நம் தாத்தா பாட்டிக்கு அது பழக்கம்; நமக்கு ஊகித்துப் படிக்க முடியும்; 13 வயதுப் பிள்ளைக்கு அது வேற்றுமொழி போல் தோன்றும். ஏற்கெனவே தயங்கித் தயங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு தடையை நாமே வைக்க வேண்டியதில்லை.

மறுபதிப்பை எடுத்தவர்களுள் எட்டுப் பேர் கடைசிப் பக்கம் வரை சென்றார்கள். ராணி காமிக்ஸை ஒன்பது பேர் முடித்தார்கள். அதற்குக் காரணம் மொழி எளிமை. சி.பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியபோது கொண்டுவந்த குறுகிய வாக்கிய நடை, அந்தக் குழுமத்தின் சித்திரக்கதை வரை இறங்கி வந்திருக்கிறது எனலாம்.

5. தனிக் கதையா, தொடரின் துண்டா?

சித்திரக்கதை வாங்குவோர் அடிக்கடி ஏமாறும் இடம் இது. சில கதைகள் ஒரே இதழில் முடிபவை. லாரன்ஸ் டேவிட்டின் 'காற்றில் கரைந்த கப்பல்கள்', ஜானி நீரோவின் 'மூளைத் திருடர்கள்' போன்றவை இவ்வகை. எதை முதலில் எடுத்தாலும் குழப்பமில்லை.

வேறு சில நெடுந்தொடர்கள். வான் ஹாம் எழுத, வான்ஸ் வரைந்து 1984இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'பதின்மூன்று' என்னும் தொடர், தமிழில் 'இரத்தப் படலம்' எனப் பெயர் பெற்றது. நினைவிழந்த ஒருவன் தன் அடையாளத்தைத் தேடும் கதை. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வெளிவந்து, 2010இல் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாகவும் 2018இல் வண்ணத் தொகுப்பாகவும் வந்தது. கேப்டன் டைகரின் 'மின்னும் மரண'மும் இப்படியே பகுதி பகுதியாக வந்து 2015இல் ஒரே நூலானது. இவற்றின் நடுப்பகுதி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், முன்கதையும் தெரியாது, முடிவும் தெரியாது. முழுத் தொகுப்பு வாங்கப் பணம் இருந்தால் வாங்கலாம். இல்லையேல் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு. மாயாவியின் ஒவ்வொரு கதையும் தனித்தே நிற்கும். ஆனால் முதல் கதையில் அவர் நல்லவர் அல்லர். கிடைத்த சக்தியைக் கொண்டு குற்றங்களில் இறங்குகிறார். பிறகுதான் 'நிழற்படை'யின் உளவாளியாகிறார். ஆகவே முதல் கதையை முதலில் படித்தால் அவர் திருந்திய வரலாறு புரியும். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' போன்றவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் படிக்கலாம்.

6. உள்ளடக்கத்தைச் சோதித்தல்

பழையது என்பதற்காக எல்லாம் பொன்னாகிவிடாது. இக்கதைகளுள் பெரும்பாலானவை 1960களின் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரையப்பட்டவை. அக்காலத்துப் பார்வை அவற்றில் அப்படியே ஒட்டியிருக்கிறது. வேதாளர் கதைகளில் கறுப்பின மக்கள் ஒரு வெள்ளைக்கார வீரரின் காவலில் வாழ்பவர்களாகவே வருகிறார்கள். மேற்கத்தியக் கௌபாய் கதைகள் சிலவற்றில் அமெரிக்கப் பூர்வகுடிகள் கூச்சலிட்டுத் தாக்கும் கூட்டமாகக் காட்டப்படுகிறார்கள். பெண்கள் பல கதைகளில் இல்லவே இல்லை. இருந்தால் காப்பாற்றப்படுவதற்காக இருக்கிறார்கள்.

இக்காரணங்களால் ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டாம் என்பேன். ஆனால் வாங்குபவர் முதலில் படித்துப் பார்க்க வேண்டும். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்த பாத்திரம். அவர் நவஹோ மக்களின் தலைவராகவும் இருந்து அவர்களுக்காக நிற்கிறார். இதை வைத்தே பிள்ளைகளிடம் பேசலாம். மண்ணின் மக்கள் யார், கதையை யார் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். மாடஸ்தி பிளைசி துணிச்சலான பெண்தான். எனினும் அவர் கதைகள் வளர்ந்தவர்களுக்காக நாளிதழில் வந்தவை. படிவம் ஒன்று மாணவர்களுக்கு அவற்றை நான் எடுக்கவில்லை. ஸ்பைடர் கதையில் நாயகனே குற்றச் சக்கரவர்த்தியாகத் துடிப்பவன். சூப்பர்மேனைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜெர்ரி சீகல் அவற்றுள் பலவற்றை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. பெரிய பிள்ளைகள் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

7. கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியவை

பினாங்கில் பழைய புத்தகம் என்றால் எல்லோரும் சொல்லும் இடம் பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையின் மாடி. அங்கே ஆங்கில, மலாய் நூல்கள்தாம் குவிந்து கிடக்கும்; நான் போன வேளைகளில் தமிழ் அரிதாகவே கண்ணில் பட்டது. லிட்டில் இந்தியா பகுதியிலும், தெரிந்தவர் வீடுகளிலும், அஞ்சல் வழியாகவும் தேட வேண்டியிருந்தது. எங்கே வாங்கினாலும் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

அ) பக்கங்களை எண்ணுங்கள். முதலில் உதிர்வது நடுத்தாளும் கடைசித் தாளும்தான். மர்மக் கதையில் கடைசிப் பக்கம் இல்லையென்றால் அதை வாங்கிப் பயனில்லை.

ஆ) பின்னைப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். துருவின் கறை எழுத்து வரை பரவியிருந்தால் தவிர்க்கவும்.

இ) பைண்டு செய்த தொகுப்பாக இருந்தால் ஓரத்தைக் கவனியுங்கள். அழகுக்காக ஓரத்தை வெட்டும்போது வசனத்தின் முதலெழுத்தும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். தையலுக்குள் புதைந்த கட்டங்களும் இருக்கும்.

ஈ) முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் அதை மற்ற நூல்களோடு வைக்கக்கூடாது. மற்றவற்றுக்கும் பரவும்.

உ) தாளை மெல்ல மடக்கிப் பாருங்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகும். அமிலம் தாளை நொறுக்கும். முனை ஒடிந்தால் அது காட்சிக்கு மட்டுமே ஆகும்.

வாங்கிய பிறகும் வேலை உண்டு. பூச்சி இருப்பதாக ஐயம் எழுந்தால் நெகிழிப் பையில் காற்றுப்புகாமல் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைக்கலாம். எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும் வரை பையைத் திறக்கக்கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும்.

8. வாங்கிய கணக்கு

மேற்கண்ட அளவுகோல்களின்படி நான் வாங்கியவை, அஞ்சல் செலவின் பங்கும் சேர்த்து, பின்வருமாறு.

மாயாவி மறுபதிப்பு 4, லாரன்ஸ் டேவிட் 2, ஜானி நீரோ 1, ஆக 7 நூல்கள்: 84 ரிங்கிட்.
லக்கி லூக் வண்ணப் பதிப்பு 3: 66 ரிங்கிட்.
டெக்ஸ் வில்லர் 2: 40 ரிங்கிட்.
பழைய ராணி காமிக்ஸ் 6: 48 ரிங்கிட்.
பழைய அம்புலிமாமா 4: 24 ரிங்கிட்.
நெகிழி உறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள், மூடியுள்ள பெட்டி: 23 ரிங்கிட்.

மொத்தம் 285 ரிங்கிட். மீதி 15 ரிங்கிட் கையில் உள்ளது. 22 நூல்கள் 11 பிள்ளைகளுக்கு. ஆளுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரே சமயத்தில் எல்லோர் வீட்டிலும் தமிழ்ப் புத்தகம் இருக்கும்.

லக்கி லூக்கை ஏன் எடுத்தேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். மோரிஸ் 1946இல் படைத்த, பின்னர் பல ஆண்டுகள் கோசினி எழுதிய நகைச்சுவைக் கௌபாய் அவர். பிள்ளைகளுள் மூவருக்குப் படிக்கவே மனமில்லை. அவர்களுக்குத் துப்பாக்கி மர்மத்தைவிடச் சிரிப்பு உதவும் என்று நினைத்தேன். முதலில் வண்ணப்படத்தைப் பார்த்தார்கள். பிறகு குதிரை என்ன சொல்கிறது என்று அறிய எழுத்தைக் கூட்டினார்கள். மூவரில் ஒருவன் இப்போது மாயாவிக்கு வந்துவிட்டான். மற்ற இருவர் இன்னும் படம்தான் பார்க்கிறார்கள். காமிக்ஸ் கொடுத்தால் தமிழ் வளர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் பள்ளியில் 15 பேர் சேருவார்களா என்பதை ஓர் அலமாரி தீர்மானிக்காது. ஆனால் வீட்டில் தானாக எடுத்துப் படிக்கும் ஒரு தமிழ்ப் புத்தகமாவது இருக்கும் பிள்ளை, அந்த விண்ணப்பத் தாளில் பெயர் எழுதத் தயங்கும் வாய்ப்புக் குறைவு என்று நம்புகிறேன்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால், பழைய சாகசக் கதை வாங்குவோர் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். எதற்காக வாங்குகிறேன்? விலை அரிதுக்கா, கதைக்கா? படிக்கப் போகிறவருக்கு இந்த எழுத்தும் நடையும் ஒத்துவருமா? கதை இந்த நூலிலேயே முடிகிறதா? பக்கங்கள் முழுமையாக உள்ளனவா? ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.

பட்டர்வொர்த் பெரியவர் சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. மறுபதிப்பு பிள்ளைகளுக்குப் போதும். மூலப் பதிப்பு நாட்டுக்கு வேண்டும். 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் படித்த மக்கள் என்னவெல்லாம் விரும்பிப் படித்தார்கள் என்பதற்குப் பாடநூல் மட்டும் சான்றாகாது. இந்தப் பத்துக் காசு, ஒரு வெள்ளிப் புத்தகங்களும் சான்றுதான். அவற்றை விலைகொடுத்து வாங்கிக் காக்க மாணவர்களால் இயலாது.

ஆகவே முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ, தோட்டத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியிலோ பழைய இதழ்கள் இருக்கலாம். தீபாவளிக்கு வீடு கழுவும்போது, 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் லாரியில் அவற்றைக் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். அதற்கு முன் எங்கள் கழகத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள். நொறுங்கும் நிலையில் உள்ளவற்றைத் தனியே உறையிட்டுக் காப்போம். படிக்கும் நிலையில் உள்ளவற்றைச் சனிக்கிழமை அலமாரியில் வைப்போம். யார் கொடுத்தது என்பதை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்போம்.

தேர்ந்து வாங்குவோம், படித்து முடிப்போம், அடுத்தவர் கையில் கொடுப்போம்.